பால்கோவா கறுத்த அன்று

சேலையூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, காலையில் கேம்ப் ரோடு வரை நடந்துவிட்டு வருகிறார். போனில் சொல்ல வாய் வராத ஒன்றை இதில் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு ஜெனி மிஸ் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. நொறுக்குத் தீனியில் அயோடின் விட்டால், மாவு இருப்பது கருநீலமாகிவிடுமாம். முறுக்கும் சிப்ஸும் கடையில் வாங்கிக்கொண்டவர், மாவே இல்லாத பண்டத்துக்கு என்னுடைய பால்கோவாதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். நாங்களும் பார்க்கப் போனோம். எட்டாவது படிக்கும் ஒரு பெண் முறுக்கில் ஒரு சொட்டு, சிப்ஸில் ஒரு சொட்டு விட்டாள், இரண்டும் கறுத்தன. இது வெறும் பாலும் சர்க்கரையும், நிறம் மாறாது என்று சொல்லிக்கொண்டே பால்கோவாவில் விட்டாள், அதுவும் கறுத்தது. வேறு துண்டில் விட்டாள், அதுவும் கறுத்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொட்டுக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று மிஸ் அவளைக் கடிந்துகொண்டார், கழுவினேன் மிஸ் என்று அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் முடியவில்லை. "பாப்பா மேல தப்பு இல்ல மிஸ், நான்தான் கார்ன் ஃப்ளவர் கலந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸிலிருந்தே அப்படித்தான், ஜெரூஷா. இரண்டு மணி நேரம் கிளறத் தோள் ஒத்துழைக்கவில்லை, சீக்கிரம் கெட்டிப்படட்டும் என்று இரண்டு ஸ்பூன் சோள மாவு கலந்தேன். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் வெறும் பால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே. மிஸ் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் ஸாரி கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அட்டையில் "பால்கோவா: மாவு உண்டு" என்று எழுதிவைத்தாள். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "என்னைக் கிளறச் சொல்லியிருக்கலாமே ஹில்டா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் என்னிடம் காசு கொடுத்துப் பால்கோவா வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். கிறிஸ்டினா அக்கா மட்டும் இனிமேல் வேண்டாம் என்றுவிட்டார், அவர் கோபம் நியாயம்தான்.

இந்தக் கடிதத்தோடு அனுப்பும் டப்பாவில் இருப்பது அப்பா கிளறியது, அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. போன தடவை அம்மா சுத்தமாகச் செய்தது என்று ஆபீசில் பங்கு வைத்தாயே, அவர்களிடம் முதலில் நடந்ததைச் சொல், பிறகு டப்பாவைத் திற.

கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக.

உன் அம்மா,
ஹில்டா பிரிட்டோ