புனித லூசியா மடத்துக் குவிமாடம்

மொந்தெலூரா, புனித லூசியா மடம்
1511 ஏப்ரல் 28

அன்புத் தம்பி தாதேயோவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். ரோமில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அளவுகோலைக் கையில் எடுத்தால் உனக்குப் பசி மறந்துவிடும்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் மடத்துக் கோயிலுக்கு நீ கட்டிய குவிமாடத்தைப் பார்த்து ஊரே வாய் பிளந்து நிற்கிறது. செலவு முழுவதும் ஏற்ற உபால்தோ பிரபு தம் படிப்பாளி நண்பர்களை அழைத்து வந்து, கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தார். "பழைய ரோமர்கள் செத்துப் போகலைய்யா. நம்ம ஊர்ல வந்து பொறந்திருக்காங்க!" என்றார். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லில் இவ்வளவு லேசான ஒன்றை என் தம்பியா கட்டினான்!

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கீழ்த்திசைச் சன்னலுக்கு மேலே தலைமயிர் போல ஒரு கீறல் தெரிகிறது. செபம் சொல்லும்போது அங்கிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது. அதன் நேர் கீழே எங்கள் வயதான கன்னியர் பெனதெத்தா அம்மாவின் இருக்கை. காது சரியாகக் கேட்காதவர், ஆனால் வாய்த்துடுக்குக்குக் குறைவில்லை. "மேல யாரோ ரொட்டிக்கு மாவு சலிக்கிறாங்கடி" என்று முக்காட்டைத் தட்டிக்கொள்கிறார். எல்லோரும் சிரிக்கிறோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

உன் அக்கா
ஓர்சோலா


ரோம்
மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாராட்டைப் படித்துப் பூரித்தேன். கீறலைப் படித்துச் சிரித்தேன். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டவள்தானே நீ? புதுச் சாந்து காயும்போது மயிரிழை விடுவது இயல்பு. தூள் உதிர்வதும் அப்படித்தான்.

தலைமைக் கொத்தனாரும் உன்னைப் போலத்தான் பயந்தார். குவிமாடம் விரிந்து பிளக்காமல் இருக்க அதன் இடுப்பைச் சுற்றி இரும்புப் பட்டை போட வேண்டுமென்று அடம் பிடித்தார். "கல்யாணப் பொண்ணுக்கு விலங்கா மாட்டுவாங்க?" என்று கேட்டேன். பிரபுவும் என் பக்கமே நின்றார்; பட்டை போடவில்லை. கைகால் விரித்து நிற்கும் மனிதன் வட்டத்துக்குள் சரியாக அடங்குகிறான், அக்கா. மனித உடம்புக்கும் கோயிலுக்கும் கடவுள் ஒரே கணக்கைத்தான் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் பிசகாமல் கட்டியது எப்படி விழும்?

ஒரு வேண்டுகோள். கீறல் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. இங்கே ஒரு கர்தினால் தம் மாளிகையை என்னிடம் ஒப்படைக்க யோசித்துக்கொண்டிருக்கிறார். ஊர்வாய் இங்கே வந்து சேர்ந்தால் என் பெயர் போச்சு.

உன் தம்பி
தாதேயோ


மொந்தெலூரா
மே 26

தம்பிக்கு,

நீ சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என்னால் தூங்க முடியவில்லை.

கீறலின் அடிமுனை மாடிப்படியிலிருந்து கைக்கு எட்டுகிறது. அதன் குறுக்கே மெழுகு வைத்து ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் மெழுகு இரண்டாகப் பிளந்திருந்தது. இப்போது அதற்குள் என் சுண்டுவிரல் நுழைகிறது. நேற்று சங்கீதம் பாடும்போது மேலே ஒரு சத்தம். கடினமான எதையோ கடித்துப் பல் உடையுமே, அந்தச் சத்தம். பாட்டு நின்றுவிட்டது. பெனதெத்தா அம்மா மட்டும் எதுவும் கேட்காமல் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் 24ஆம் தேதி, புனித யோவான் திருநாளன்று, குவிமாடத்தை ஆசீர்வதிக்க ஆயர் வருகிறாராம். "ஒருத்தர்கூட வெளிய நிக்கப்படாது. குழந்தை குட்டியோட எல்லாரும் குவிமாடத்துக்குக் கீழதான் நிக்கணும்" என்று பிரபு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மடத்துத் தாயிடம் சொல்லவென்று அவர் அறை வாசல்வரை போனேன். "என்னடி, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்டார். "தலைவலி தாயே" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். உனக்காகத்தான் அந்தப் பொய்.

உடனே வா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஓர்சோலா


ரோம்
ஜூன் 6

அக்கா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய ரோமர்கள் கட்டி இன்றும் நிற்கும் வட்டக் கோயிலுக்கு ஓடினேன். எத்தனை முறை அதை வரைந்திருக்கிறேன்! அதன் வளைவை, உயரத்தை, உச்சி நடுவில் வெயில் இறங்கும் கண் போன்ற துளையை. சுவரின் பருமனை மட்டும் நான் வரைந்ததே இல்லை. வாசலில் மூன்று பேர் ஒருவர் காலுக்கு ஒருவர் தலை வைத்து வரிசையாகப் படுத்தால்தான் அந்தச் சுவரின் குறுக்களவு வரும். நம்முடையது என் இரண்டு கை விரிப்புக்கே வராது. அந்தப் பழைய மனிதர்களிடமிருந்து நான் அழகை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சுண்ணாம்பு உதிர்வதுபோல் இருக்கிறது.

திருநாளுக்கு முன்னால் கட்டாயம் வந்துவிடுவேன். தாங்கு மரங்கள் கொடுத்து, இரும்பும் போட்டுவிடலாம். அதுவரை கன்னியர் யாரையும் உள்ளே விடாதே. காரணம் கேட்டால் வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று சொல். உண்மை வெளியே வந்தால் பிரபு என்னை உயிரோடு விடமாட்டார். நான் வரும்வரை பொறுத்துக்கொள்.

தாதேயோ


மொந்தெலூரா
ஜூன் 23

தாதேயோ,

நீ வரவில்லை. தினமும் மணிக்கூண்டில் ஏறி ரோமப் பாதையைப் பார்த்தேன்.

நீ சொல்லச் சொன்னதையே சொன்னேன். வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோரும் உணவுக்கூடத்தில் செபம் சொல்லச் சம்மதித்தார்கள். பெனதெத்தா அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "சுண்ணாம்பு பட்டா கரைஞ்சா போயிடுவேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் காதருகே குனிந்து, "அம்மா, அது விழப்போகுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

முந்தாநாள் மதியம் எல்லோரும் தோட்டத்தில் இருந்தபோது அவர் தம் இருக்கைக்குப் போயிருக்கிறார். முதலில் அந்தப் பல் உடையும் சத்தம் கேட்டது. பிறகு தரை குதித்தது. வெள்ளைப் புழுதி அடங்கியபோது, குவிமாடம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கற்களைப் புரட்டி அவரை வெளியே எடுக்க மாலைவரை ஆயிற்று. முகத்தில் காயமே இல்லை.

இன்று காலை அடக்கம் முடிந்ததும் மடத்துத் தாய் என்னை அழைத்தார். பக்கத்தில் பிரபு நின்றார்.

"உன் தம்பிக்கு இது முன்னாடியே தெரியுமாடி?"

சின்ன வயதிலிருந்து உனக்காகச் சொன்ன பொய்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இன்னும் ஒன்று சொல்வது ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்காது.

"தெரியும் தாயே. எனக்கும் தெரியும்" என்றேன்.

மடத்துத் தாய் என்னைத் திட்டவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். என்னை என்ன செய்வது என்று சபை கூடி முடிவு செய்யும். பிரபுவின் ஆட்கள் நாளை திருநாள் கழிந்ததும் ரோமுக்குக் கிளம்புகிறார்கள். இந்தக் கடிதம் இன்றே போகும் கம்பளி வணிகரோடு வருகிறது. அவர்களுக்கு ஒரு நாள் முன்னால் உன் கைக்குக் கிடைக்கும். படித்ததும் புறப்பட்டுவிடு.

எங்கே போகிறாய் என்று எனக்கு எழுதாதே. கேட்டால் அதையும் சொல்லிவிடுவேன்.

ஓர்சோலா