இரும்புக் குண்டு நின்ற அன்று

இன்று காலை ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே கறிக்கடையில் ஆட்டுத் தலையைக் கட்டையில் வைத்து வெட்டும் சத்தம் கேட்டது. கூடவே அந்தப் பச்சை வாடை. வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இந்த வயதிலும் உன்னை நினைத்து நடுத்தெருவில் அழுகிறேன், புள்ள.

நீ என்னை அப்படித்தான் கூப்பிடுவாய். எண்பதுகளின் தொடக்கம். நாகமலை புதுக்கோட்டை பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். நீ அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம். அம்மாவோடு களையெடுக்கப் போய்க்கொண்டே படித்தவள். நான் டவுனில் சைவ வீட்டுப் பெண். கறிக்கடைப் பக்கமே போகாதவள். நம் இருவருக்கும் ஒரே ஆய்வு வாய்த்தது. அதற்கு ஆட்டு மூளை வேண்டும், அறுத்த சூட்டோடு.

"அண்ணே, மூள ஒடையாம எடுத்துக் குடுங்க" என்று கடைக்காரரிடம் கேட்டாய்.

"வறுவலுக்குத்தானம்மா? ஒடஞ்சா என்ன?"

"வறுக்க இல்லண்ணே, படிக்க."

வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்தபடி அவர் நம்மைப் பார்த்த பார்வையைச் சொல்லிச் சொல்லி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாய். மடியில் ஐஸ் நிரப்பிய தூக்குவாளி. சோதனைச்சாலைக்கு வந்ததும் மூளையின் மேல் சவ்வை உரிக்க வேண்டும். நான் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நீ தள்ளு புள்ள, இத நான் பாத்துக்கிறேன்" என்றாய். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை அதைத் தொட விடவில்லை.

நரம்பு செல்லுக்குள் நுண்குழாய்கள் ஒரு வகை இழை; அவற்றைவிட மெல்லிய நரம்பிழைகள் இன்னொரு வகை. ஏதோ ஒரு புரதம் இரண்டையும் குறுக்கே பிடித்துக் கட்டுகிறது என்பது உன் எண்ணம். ஆட்டு மூளையிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, இரண்டு இழைகளோடும் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கடுகளவு இரும்புக் குண்டைப் போடுவோம். கட்டு விழுந்திருந்தால் கரைசல் கெட்டியாகிக் குண்டு பாதியில் நிற்க வேண்டும். நம் குண்டோ ஒவ்வொரு முறையும் அடிவரை போய் விழுந்தது. கரண்ட் போகும், குளிர் அறை சூடாகும், புரதம் கெட்டுப்போகும்.

"விழட்டும். நாளைக்கு நிக்கும்" என்பாய்.

அந்தச் சித்திரையில் உன் கண்கள் மஞ்சளாக இருந்தன. கேட்டால், "எல்லாம் வெயிலு புள்ள" என்றாய். பிறகு சோறு இறங்காமல் ஊருக்குக் கிளம்பினாய். பஸ் படியில் நின்றுகொண்டு, "ரெண்டு வாரத்துல வாரேன். அதுக்குள்ள கரைசல்ல உப்பக் கொறச்சுப் போட்டுப் பாரு" என்றாய். ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாய், நினைவில்லாமல். உன் கையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை. மறுநாள் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தனியாகக் கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பாப்பா வரலையா?"

 வாளியை நீட்டினேன். அவர் மூளையை உடையாமல் எடுத்து அதில் வைத்தார்.

அன்று சவ்வை நானே உரித்தேன். கண்ணீரில் எதுவும் தெரியாமல், துடைத்துத் துடைத்து உரித்தேன். நீ சொன்னபடி உப்பைக் குறைத்தேன். புரதம் சேர்க்காத குழாயில் குண்டு வழக்கம்போல அடியில் போய் விழுந்தது. புரதம் சேர்த்த குழாயில் இறங்கியது, மெதுவானது, பாதியில் நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன்; நகரவில்லை.

"நின்னுருச்சு!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். உன் முக்காலி காலியாக இருந்தது.

மறுவாரம் உன் ஊருக்குப் போனேன். வயலிலிருந்து திரும்பிய உன் அம்மா சேற்றுக்காலோடு வாசலில் உட்கார்ந்தார்.

"அம்மா, அவ நெனச்சது சரியாப் போச்சு. அவ தேடுனது கெடச்சுருச்சு."

உன் அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்புட்டுப் பாடுபட்டாளே. இத அவகிட்ட யாரு தாயி சொல்றது?"

பட்டம் வாங்கினேன், கல்லூரியில் பாடம் நடத்தினேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் கேள்வியை மட்டும் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் சில நாள் வாய்விட்டே சொல்கிறேன்: "கெடச்சுருச்சு புள்ள." சொல்லியும் ஆறவில்லை.