முந்தின நாளே தெரியும்

இன்று மத்தியானம் என் மாவு மில்லில் கரண்ட் போனது. மூன்று மெஷினும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் என் கை தானாக என் வயிற்றுக்குப் போயிற்று. ஐம்பது வயதில் அங்கே என்ன இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரித்துவிட்டாள். அவளுக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து என்னோடு இருக்கிறாள்.

"ஏம்மா, நான் உன் வயித்துல அசையலன்னு உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"ஒடனே தெரிஞ்சுது. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டோம்" என்றேன்.

என் சிநேகிதியே, இருபத்தைந்து வருடமாக உன்னிடம் சொல்லிவந்த அதே பதில். நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. இனியும் அந்தப் பொய்யைக் காப்பாற்றி எனக்கு ஒரு லாபமும் இல்லை.

மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை மெஷினோடு நான் தொடங்கிய காலம் அது. பக்கத்து லைன் வீட்டில் நீ. விருதுநகர்ப் பக்கம் இருந்து வந்தவள், கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் செக்‌ஷனில் வேலை. இந்த ஊரில் என்னை மதினி என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். அன்று ஷிஃப்ட் முடிந்து கோதுமை அரைக்க வந்தாய். நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மெஷின்மேல் சாய்ந்தபடி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, புள்ள எப்படி இருக்கு?"

"நல்லா ஆடுது."

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு நேரே போய் சுவிட்சை அணைத்தாய். மிளகாய் கொண்டுவந்திருந்த பெரியவர் கத்தினார். "ஏம்மா, எம் மொளகா பாதியில நிக்குது!"

"ஒங்க மொளகா எங்கயும் ஓடிராது, உக்காருங்க" என்று அவரை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினாய். "இப்பச் சொல்லுங்க. ஆடுதா?"

கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம் வைத்தேன். ஒன்றுமில்லை.

"எட்டு மாசம் ஆயிடுச்சில்ல, உள்ள எடம் பத்தாது. தூங்குதோ என்னமோ."

"அதையேதான் எனக்கும் சொன்னாக. பிரஸ்ல நிக்கையில தரையே அதிரும் மதினி. அந்த அதிர்வப் புள்ளைன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு நாளு நின்னேன்."

உன் முதல் குழந்தை இறந்தே பிறந்தது என்று எனக்குத் தெரியும். எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

"எப்பருந்து அசையல?" என்று கேட்டாய்.

"இப்பத்தான். காலையில கூட ஒதச்சுது."

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும்வரை உன் கை என் வயிற்றை விட்டு விலகவில்லை. டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்ததும் பிள்ளை அழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது இன்னும் முடியாத நேரம். பிறகு துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

மறுநாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய். "நீங்க கெட்டிக்காரி மதினி. ஒடனே சொல்லிட்டீக. நாந்தான் பாவி, ரெண்டு நாள விட்டுட்டேன்."

பிள்ளையைக் கொடு என்று நான் கை நீட்டினேன்.

முந்தின நாள் மத்தியானமே அசைவு குறைந்துவிட்டது. விடிந்தபோது அறவே இல்லை. கம்பெனி கேன்டீனுக்கு மிளகாய்த்தூள் ஆர்டர் இருந்தது, அதனால் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய். பயம்தான். மெஷின் ஓடினால் வயிறும் சேர்ந்து அதிரும், குழந்தை ஆடுகிற மாதிரியே இருக்கும். நிறுத்தினால் தெரிந்துவிடும். அதனால்தான் நிறுத்தாமல் அரைத்துக்கொண்டிருந்தேன். நீ ஏமாந்தாய். நான் தெரிந்தே என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

இன்று கரண்ட் வந்த பிறகும் மெஷினைப் போடாமல் மகளிடம் இதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்தது.

"அம்மா, நேத்து சாயங்காலத்துலருந்து எனக்கும் கம்மியாத்தான் இருக்குது. நாளைக்கு செக்கப்தானேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

"எந்திரி" என்றேன். புடவை மாற்றக்கூட விடவில்லை.

இதை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அவள் வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பைப் பார்க்கிறார்கள். எப்போதிலிருந்து என்று நர்ஸ் கேட்டதும், "நேத்து சாயங்காலத்துலருந்து" என்று அவள் மறைக்காமல் சொன்னாள். துடிப்பு இருக்கிறதாம். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் எதையும் சொல்வார்களாம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன்.

என் பிள்ளை பிழைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, உன்னால். நீ உன்னைப் பாவி என்று சொல்லிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் நான் "நானுந்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. கடைசியாக உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்திருந்தபோதும் அது என் வாயில் வரவில்லை. உன்னைத் தனியாகவே அதைச் சுமக்கவிட்டேன். என் பங்கு என்னிடமே கிடக்கிறது.