வெங்காயம் பிடுங்க வந்த எட்டுப் பேர்

ஆவணி 5, வியாழன்

காலையிலிருந்தே மூட்டம். வெங்காயத் தாள் சாய்ந்து நாலு நாள். ஒரு மழை பிடித்தால் மொத்தமும் மண்ணுக்குள்ளேயே அழுகும். பிடுங்க ஆளில்லை. வழக்கமாகக் கூலிக்கு வரும் செல்லம்மா கூட்டத்தில் முன்பு பதினைந்து பேர், இப்போது ஆறு. மற்றவர்கள் செருப்புக் கம்பெனி வேலைக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அந்த ஆறு பேரும் நாளை வரை பக்கத்துக் காட்டில் களையெடுப்பு. வந்தாலும் ஆறு பேரால் எத்தனை நாள்?

வீட்டுக்காரருக்கு போன். சிங்கப்பூரில் கட்டட வேலை, இடைவேளையில்தான் எடுப்பார். அரும்பாவூரில் நாற்று நட வந்திருக்கும் பீகார் ஆட்களைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டாயிற்று. காஸ் புக் பண்ண மறந்தேன்.

ஆவணி 6, வெள்ளி

எட்டுப் பேர், ஆறரைக்கே. ரஞ்சித் என்பவனுக்கு மட்டும் கொஞ்சம் தமிழ். பிடுங்கும் வேகத்தைப் பார்த்து வயிறு குளிர்ந்தது. பக்கத்துக் காட்டிலிருந்த செல்லம்மாவைக் கூப்பிட்டேன். முகம் கொடுக்கவில்லை. வெளியாட்களை இறக்கியிருக்கிறேன், நியாயம்தான். ஆனாலும் கோபம். அழுகுவது என் காய் அல்லவா.

பத்து மணிக்குத் தலையில் இடி. விதைக்கு ஒதுக்கிய பாத்தியிலும் தாளை அறுக்கிறார்கள்! அதில் அறுக்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. இங்கே யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. தாள் போனால் அடுத்த நடவு வரை காய் தாங்காது. நான் ஓடுவதற்குள் செல்லம்மா வரப்பைத் தாண்டி வந்து அரிவாளைப் பிடுங்கிவிட்டாள். தாளோடு சேர்த்துக் கட்டிக் காட்டினாள். நட்டம் ஒரு கூடையோடு போயிற்று. எனக்கு வாயில்லையா என்று திட்டு. நாளைக்கு அறுக்கவும் கட்டவும் தன் கூட்டத்தோடு தானே வருகிறாளாம்.

ஆவணி 7, சனி

அவர்கள் பிடுங்க, இவர்கள் அறுத்துக் கட்ட. மேகம் தெற்கே கருப்பு.

மத்தியானம் சாப்பிட்டதும் செல்லம்மா ஆட்கள் வழக்கம்போல வேம்படியில் படுத்தார்கள். எட்டுப் பேரும் மறுபடி காட்டில். எனக்கு உள்ளூர சந்தோஷம், மறைப்பானேன். செல்லம்மா எழுந்துபோய் ரஞ்சித்தை நிறுத்தினாள்.

“நீங்க படுக்கலன்னா நாளைக்கு எங்களயும் படுக்க வுடமாட்டாங்க.”

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள். எட்டுப் பேரும் வந்து படுத்தார்கள். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தரைக்கு எல்லாம் கொட்டகைக்குள். ஆறுக்கு மழை. அப்பாடா. அழுகையே வந்துவிட்டது.

அவர் போன். ஒரு காய் நனையவில்லை என்றேன். மூட்டை எத்தனை என்று கேட்கவில்லை. அந்த ஆட்கள் மத்தியானம் படுத்தார்களா என்று கேட்டார். செல்லம்மா படுக்க வைத்ததைச் சொன்னேன்.

“இங்க அப்படிச் சொல்ல ஆளில்ல” என்றார்.