நம் இருவருக்கும் நடந்த வைத்தியம்

இன்று தில்லி துவாரகா வீட்டு அலமாரியின் மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது பழைய வெந்நீர்ப் பை கையில் தட்டுப்பட்டது. ரப்பர் வெடித்துப்போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், தைல வாசனை இன்னும் போகவில்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தபோது நம் காவ்யாவுக்குப் பதினான்கு வயது. சிக்குன்குனியா காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது. முழங்கால் வலி மட்டும் இறங்கவில்லை. மாதங்கள் போயின. பள்ளிக்கூடம் நின்றது. ஒத்தடம், தைலம், கட்டிலுக்கே சாப்பாடு என்று நான் அவள் அறையை விட்டு நகரவில்லை. நீங்களோ ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லாத்தான இருக்கு? பெறவு எங்க வலிக்கும்? ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கா" என்றீர்கள். கதவு திறந்திருந்தது. அவள் காதில் விழுந்துவிட்டது. அதன்பின் உங்களோடு அவள் பேசவில்லை.

கடைசியில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் காவ்யாவைப் பரிசோதித்தபின் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, நம் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"வலி அவளுக்குத்தானே டாக்டர்?" என்று ஹிந்தியில் கேட்டீர்கள்.

"வலி அவளுக்கு. ஆனால் அவள் இருப்பது உங்களோடு" என்றார்.

ரிப்போர்ட்டில் தெரியாவிட்டாலும் வலி உண்மை என்றார். அது முழுக்கப் போகட்டும் என்று படுத்திருந்தால் கால் இன்னும் பலவீனமாகும், கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'வலிக்கிறதா' என்று கேட்பீர்கள்?" என்று கேட்டார். கேட்கும்போதெல்லாம் அவள் கவனம் காலுக்கே திரும்புகிறது என்றபோது எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஒரு தடவையாவது கேட்டதுண்டா?"

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தீர்கள்.

"ஏட்டி, நீ நடிக்கன்னு சொன்னேம்லா. அது தப்பு. ஒனக்கு வலிக்கத்தான் செய்யுது. நான் நம்புதேன்."

ஆபீஸில் எல்லோரையும் அதட்டும் மனிதர், தலை குனிந்திருந்தீர்கள். அவள் சுவர்ப் பக்கமிருந்து உங்கள் பக்கம் திரும்பினாள்.

"அச்சா, சரி" என்றாள். "இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்கப்பா."

மறுநாள் நடை தொடங்கியது. முதலில் காலனி கேட் வரை; பிறகு பால் பூத் வரை. நன்றாக இருக்கும் நாளில் தூரத்தைக் கூட்டக் கூடாது, வலிக்கும் நாளில் நிறுத்தவும் கூடாது. ஒரு நாள் பூத்தை எட்டுமுன்பே நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். நான் ஆட்டோவைக் கைகாட்டப் போனேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "இரி. அவளே சொல்லட்டும்." பிறகு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, முந்தின நாள் கிரிக்கெட் மேட்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அந்த நிமிஷம் உங்களை வெறுத்தேன். சற்று நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சலோ, போலாம்" என்று எழுந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பூத்தை நோக்கி நடந்தாள்.

பள்ளிக்கூடம் முதலில் அரைநாள், அப்புறம் முழுநாள். வலி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றும் சில நாள் வருகிறது. அதையும் வைத்துக்கொண்டு படித்தாள். இப்போது ஏர்போர்ட்டில் வேலை, மெட்ரோவில் நின்றுகொண்டே போய்வருகிறாள்.

அந்த டாக்டர் கேட்டதால், சனிக்கிழமைகளில் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வரும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுகிறேன். போன வாரம் ஒருவர் ஃபைலைத் தட்டி, "எல்லாம் நார்மல். என் பெண் நாடகமாடுகிறாள்" என்றார். நம் கதையைச் சொன்னேன். உங்கள் தப்பையும் மறைக்கவில்லை, என் தப்பையும் மறைக்கவில்லை. நீங்கள் கோபிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

"உங்கள் கணவர் மகளிடம் என்னதான் சொன்னார்?" என்று கேட்டார். நீங்கள் சொன்னதை ஹிந்தியில் சொன்னேன். ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு, மகள் உட்கார்ந்திருந்த வராந்தாவுக்கு எழுந்து போனார்.

அவர் மனைவி என் பக்கம் சாய்ந்து, "சொல்லிவிடுவாரா?" என்றாள்.

"சொல்லுவார்" என்றேன். உங்களைப் பார்த்தவள் அல்லவா நான்.