கோக் என்றால் எந்த நிறம்?

ஜீப்புக்காரருக்கு,

தங்கை வீட்டுக்கு நலமாக வந்து சேர்ந்தேன்.

குளிர்காலம் முழுக்க முற்றத்தில் அந்தக் கிழட்டு ஜீப்பின் துருவைச் சுரண்டித் தடவிக்கொடுத்தீர்கள், பொறுத்துக்கொண்டேன். என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டீர்கள். ‘கோக்’ என்றேன். நம் கிர்கிஸ் பேச்சில் வானமும் கோக், புல்லும் கோக். எந்தக் கோக் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! நீங்கள் கேட்கவில்லை; பச்சை அடித்துவிட்டீர்கள்.

பக்கத்து வீட்டு புருல் சிரித்தாள்: “ஏன்க்கா, உங்க ஜீப்புச் சக்களத்திக்கு மருந்துக்கடைக்காரி சல்கினோட கோட்டு நிறந்தான் கிடைச்சுதா?”

அன்றே பெட்டி கட்டினேன்.

நான் சொன்னது, கல்யாணமான புதிதில் அதே ஜீப்பில் கணவாய்க்குப் போனபோது கட்டியிருந்த என் தலைத்துணியின் நீலம்.

அந்த நீலத்தில் வந்தால் முன்னிருக்கையில் ஏறிக்கொள்கிறேன். பச்சையிலேயே வருவதானால் சல்கினை ஏற்றிக்கொள்ளுங்கள்.

அந்தத் தலைத்துணியோடு காத்திருக்கும்
உங்கள் மனைவி