வாளியில் வந்த ஒற்றைச் செருப்பு

இன்று காலை கப்பி கீச்சிடும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. முகம்கூடக் கழுவாமல் வாசலுக்குப் போய், முதல் வேலையாக உன் வாளியை எட்டிப் பார்த்தேன். மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் இறங்கி, என் வாசலுக்கு நேரே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பால் வாங்குவதற்குத் துணிப்பை வரும். இன்று உள்ளே ஒரு செருப்பு கிடந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்யும், அடிப்பாகம் மெத்தென்ற கறுப்புச் செருப்பு. ஒன்றே ஒன்று. உன் வீட்டுக்காரருடையது.

அண்ணாந்து பார்த்தேன். உன் மகள் இசக்கி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சித்தி, அப்பா செருப்பு வாரு அந்துட்டு. வேலைக்குப் போற வழியில தச்சு வாங்கிட்டு வந்திருதியளா?"

"சரிட்டீ."

"ஒத்தச் செருப்புதான, பாதிக் கூலி குடுத்தாப் போதுமான்னு அப்பா கேக்காவ."

உள்ளேயிருந்து அவர் சிரிப்பது கேட்டது. நானும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கையில் எடுத்தேன். உள்பக்கம் ஈரமாக இருந்தது. பெருவிரல் பதியும் இடத்தில் பழுப்பாக ஒரு கறை. முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. வாடை தானாக வந்தது. ஆறிக்கொண்டு வந்த புண் மறுபடி வாய் திறந்திருக்கிறது.

அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தது உனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நீ. இது மற்றக் காலின் கதை. நீ போன பிறகு தொடங்கியது.

அந்தக் கப்பிக்கு எண்ணெய் விடச் சொல்லி உன்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன். "விட்டா ஒனக்கு எப்படிட்டீ கேக்கும்?" என்பாய். பழைய குடியிருப்பில் பொதுக்கிணற்றில் கிடந்த கப்பி அது. ஆற்றங்கரையிலிருந்து எல்லோரும் பாத்திரம் பண்டம் மூட்டை கட்டிய நாளில், நீ அதையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாய். கிணறே இல்லாத இடத்துக்குக் கப்பி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "கெடக்கட்டும், இரும்புதான" என்றாய். மூன்றாம் மாடிக் கைப்பிடியில் அதை மாட்டி, உன் வீட்டுக்காரர் வேலை முடிந்து கொண்டுவந்த காலி பெயிண்ட் வாளியைக் கட்டித் தொங்கவிட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

அரசு நமக்கு இந்த அடுக்குமாடி வீடுகளை ஒதுக்கக் குலுக்கல் நடந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். தாமிரபரணி வெள்ளத்தில் திரும்பத் திரும்ப நனைந்தவர்கள் நாம். பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதும், தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துக் கொட்டுவதுமாக இருந்தவர்கள். அதனால் அன்று அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருடைய வேண்டுதலும் ஒன்றுதான்: மாடி கிடைக்க வேண்டும், மேலே போகப் போக நல்லது. ஆறு கண்ணிலேயே படாத தூரத்துக்குத்தான் போகிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உனக்கு மூன்றாம் மாடி விழுந்தது. "இனிமே ஆத்துத் தண்ணி என் வீட்டுக்கு வரணும்னா படியேறித்தாம்ட்டீ வரணும்" என்று நீ சொன்னதும் மண்டபமே சிரித்தது. எனக்குத் தரைத்தளம். கல்லூரி படித்தவள், ஜங்ஷனில் இரும்புக்கடையில் கணக்கு எழுதுபவள், அத்தனை பேருக்கும் நடுவில் அழுதுவிட்டேன்.

நீ என் அருகில் வந்து உட்கார்ந்தாய். "என்னத்துக்குளா அழுத? வேணும்னா மாத்திக்கிடுவோமா? நீ மேல போ, நான் கீழ இருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அப்ப ஆட்டோவ என்ன செய்ய? மூணாம் மாடிக்கு ஓட்டிட்டுப் போவணுமோ?"

"அண்ணாச்சிக்கு பொண்டாட்டியவிட ஆட்டோ பெருசு" என்று நீ சிரித்தாய். பேச்சு அதோடு போயிற்று. சரி என்றோ வேண்டாம் என்றோ நான் சொன்னதாக நினைவில்லை.

முதல் ஓரிரு வருடம் மாடியில் நீ ராணி மாதிரிதான் இருந்தாய். பீடி இலைக்கட்டும் தூளும் வாளியில் மேலே ஏறும், சுற்றிக் கட்டிய பீடி கீழே இறங்கும். மொபெட்டில் வரும் மீன்காரியிடம் அங்கிருந்தே பேரம் பேசுவாய்.

"ஏளா, அந்தச் சாளைய இப்படித் தூக்கிக் காட்டு. செவுளு செவப்பாருக்கான்னு பாக்கணும்."

"அங்கன இருந்து ஒனக்குச் செவுளு தெரியுதோ? நீ என்ன கழுகா?"

"ஒன் மூஞ்சி தெரியுதுல்லா. அதுல தெரியுது, நேத்து மீனா இன்னைக்கு மீனான்னு."

மழைக்கும் நீதான் காவல். அடுப்பு மேடைக்கு மேலே உயரத்தில் இருக்கும் மேற்கு ஜன்னலில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று பார்ப்பாய். "மேக்க இருட்டுது, துணிய எடுங்கட்டீ!" என்று நீ குரல் கொடுத்தால் மூன்று பிளாக்கிலும் பெண்கள் ஓடுவார்கள். ஒருமுறை நீ சொல்லாமலேயே மழை கொட்டி, எல்லோருடைய வடகமும் நனைந்துவிட்டது. சண்டைக்கு வந்தவர்களிடம் "கெழக்க இருந்து வார மழைக்கு நான் பொறுப்பில்ல. அந்தப் பக்கம் எனக்கு ஜன்னல் கெடையாது" என்றாய்.

எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "மலைக்கு மூக்கு மாதிரி ஒரு எடம் இருக்கு. அது மறஞ்சா நமக்கு மழை. மத்த எடம் மறஞ்சா வேற ஊருக்கு" என்றாய். நானும் ஏறி நின்று பார்த்தேன். நீலமாக ஒரு கோடு, அதன்மேல் பஞ்சு மாதிரி மேகம். மூக்கும் தெரியவில்லை, காதும் தெரியவில்லை. "ஒருநா பாத்தாத் தெரியாதுளா, தெனமும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு என்னை இறங்கச் சொன்னாய்.

நீ எப்போது கீழே வருவதை நிறுத்தினாய் என்பதை இப்போது யோசித்தால் சரியாகப் பிடிபடவில்லை. ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் தினமும் வந்தாய். பிறகு ரேஷன் போடும் நாளில் மட்டும். பீடித்தூள் நெஞ்சில் ஏறி ஏறி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போவாய். பிறகு ஆஸ்பத்திரிக்கு மட்டும். அதற்கும் இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால், மாத்திரை தீர்ந்து இருமல் முற்றிய பிறகுதான் கிளம்புவாய். இதற்கிடையில் உன் வீட்டுக்காரர் சாரத்தில் நிற்கும்போது ஆணி குத்தியது தெரியாமலே ஒரு நாள் முழுக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார். உணர்ச்சி செத்த கால். அந்தக் காலும் போய், சம்பளமும் நின்று, லேப் படிப்பு படித்துக்கொண்டிருந்த இசக்கி ஜவுளிக்கடைக்குப் போய் நாள் முழுக்க நிற்க ஆரம்பித்தாள். நீ பீடியைக் கூட்டிச் சுற்றினாய். தூள் கூடியது. இருமல் கூடியது. இதெல்லாம் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு வந்ததைக் கீழே இருந்த நான் தனித்தனிச் சேதியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாளி மட்டும் நிற்காமல் ஓடியது. அதனால் நீ வராதது எனக்கு உறைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. குரல் வருகிறது, வாளி வருகிறது, கேலி வருகிறது. ஆள் வந்துகொண்டிருப்பது மாதிரியே இருந்தது.

நீ போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரணம் எதுவுமில்லாமல், நம் குடியிருப்பைச் சுற்றி நடந்தேன். தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நம் பிளாக்கில் மட்டுமில்லை, எல்லா பிளாக்கிலும் கயிறு தொங்குகிறது. சிலதில் வாளி, சிலதில் கூடை, ஒன்றில் குழந்தை குளிப்பாட்டும் தொட்டி. சோம்பேறித்தனம், உன்னைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யார் வீடு, யார் வீடு என்று விசாரித்துப் பார்த்தேன். பக்கவாதம் வந்த கொத்தனார். இடுப்பு எலும்பு உடைந்த ஆச்சி. வளர்ந்தும் நடை வராத பையனைத் தூக்க முடியாமல் போன தாய். கயிற்றின் மேல்முனையில் எல்லாம் படியிறங்க முடியாத ஒருவர் இருந்தார். மாடி வேண்டும் என்று அன்று வேண்டிக்கொண்டவர்கள்தான். நமக்கு வயசாகும், நோய் வரும் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. வெள்ளத்துக்குப் பயந்த அளவுக்கு வேறெதற்கும் நாம் பயப்படவில்லை.

உன்னைக் கடைசியாகக் கீழே இறக்கியது என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில். நாலு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் முட்டி நின்றது. மூச்சுக்குத் திணறிக்கொண்டே "பைய தூக்குங்கலே, சப்பரம் போறாப்புல இருக்கணும்" என்றாய். பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஆட்டோவில் என் மடியில் சாய்ந்து வந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்கிறார் உன் வீட்டுக்காரர். போன வாரம் மேலே போய்ப் பேசிப் பார்த்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டிய புண், இருக்கிற ஒரு கால்.

"வேற நாற்காலி வாங்குதேன் அண்ணாச்சி. புதுசு."

"புதுசும் அப்படித்தாம்மா. அந்தத் திருப்பத்துல முட்டும். முட்டுத சத்தத்த நான் கேக்கமாட்டேன்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?"

"உக்காந்து உக்காந்து எறங்கிக்கிடுதேன். ஒரு படிக்கு ஒரு கும்புடு."

அப்படித்தான் இறங்குகிறார். படிவிளிம்பில் கால் உரசுகிறது. செருப்பு வார் அறுந்ததும், புண் வாய் திறந்ததும் அதனால்தான். இப்போது போகிற நாளைவிடப் போகாத நாள் அதிகம். நர்ஸ் இசக்கியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: இனியும் தட்டிப்போனால் இந்தக் காலையும் எடுக்கச் சொல்வார்கள். கீழ்வீடு எதுவும் காலியில்லை. வெளியே வாடகைக்குப் போக இசக்கியின் சம்பளம் காணாது.

காலையிலிருந்து ஒரே கேள்வி என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அன்று குலுக்கல் மண்டபத்தில் அவ்வளவு சுலபமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்ட நீ, பிறகு உனக்கே தேவைப்பட்டபோது ஏன் கேட்கவில்லை? என் வீட்டுக்காரருடைய ஆட்டோவை நினைத்தா? அந்த ஜன்னலையும் மலையையும் விட மனமில்லாமலா? கீழே வந்தால் மழைக்குக் குரல் கொடுக்க ஆளிருக்காது என்றா? போன மழைக்காலத்தில் ஒருநாள் மேலிருந்து "ஒன் வீட்டு வாசல்ல ரெண்டே படிதான, ளா?" என்று கேட்டாய். ஆமா என்றேன். "ம்" என்றாய். அது கேட்டதா, வெறும் பேச்சா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்கவும் வழியில்லை.

பஸ் ஸ்டாப்பில் செருப்பு தைப்பவர் வாரைத் தைத்துவிட்டு, உள்மெத்தையையும் மாற்றிக் கொடுத்தார். முழுக் கூலிதான் கொடுத்தேன். சாயங்காலம் வரும் வழியெல்லாம் பைக்குள் அது கனமில்லாமல் கிடந்தது. நானோ கனத்த யோசனையோடு வந்தேன். நான் உன் மாடி வீட்டுக்குக் குடிபோனால், மேலே தண்ணீர் ஏறாத நாளில் குடம் சுமக்க வேண்டும். என் வலது முட்டி ஏற்கெனவே மாடிப்படியில் சத்தம் போடுகிறது. சாயங்காலம் என் வாசலில் உட்கார்ந்து என்னிடம் பாடம் படிக்கும் குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனை படி ஏறி வருவார்களா? இன்னும் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் கயிற்றின் மேல்முனையில் நான் உட்கார்ந்திருந்தால், கீழே என் கப்பிச் சத்தத்துக்கு எழுந்து வருவது யார்? இவ்வளவையும் யோசித்தேன். யோசித்த பிறகும் மனம் மாறவில்லை. வீடுகள் அவரவர் பெயரிலேயே இருக்கட்டும். ஆள் மாறினால் போதும்.

அன்று நீ கேட்டதற்குச் சரி என்கிறேன். நீ மேல போ என்றாயே, போகிறேன். என் வீட்டுக்காரர் சவாரி முடிந்து இன்னும் வரவில்லை. அவரிடம் சொல்லவில்லை. இசக்கியிடமும் அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். மலையின் மூக்கு எது என்று இனி தினமும் பார்ப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கப்பி கீச்சிட்டது. வாளி இறங்கி வந்து காத்திருந்தது.

"சித்தி, செருப்பு தச்சாச்சா?"

"ஆச்சுட்டீ."

"வாளியில போடுங்க, தூக்கிக்கிடுதேன்."

செருப்பை வாளியில் போடவில்லை. என் வாசலில், இரண்டாவது படியில், என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இங்கனயே இருக்கட்டும்ளா" என்றேன்.